லெகோ பாக எண், நிறம், மாடல் பதிவு: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் சித்தப்பாவோ துபாய் மாமாவோ வாங்கி வந்த செட். பெட்டி போய்விட்டது, கையேடு போய்விட்டது, பாகங்கள் மட்டும் பிஸ்கட் டின்னில் மற்ற பிளாஸ்டிக்கோடு கலந்து கிடக்கின்றன. சேலத்திலும் ஏற்காட்டிலும் இருந்து வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் இந்த டின்னில்தான் தொடங்கும். ஆர்வலர்கள் கூடிச் சேர்த்த இணையப் பட்டியல்களில் எப்படித் தேடுவது, நம் சொந்த மாடலை எப்படிப் பதிந்து வைப்பது என்று திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை இங்கே, கேட்டவர்களின் சொற்களிலேயே.

இந்த ஆன்லைன் லிஸ்ட் எல்லாம் லெகோ கம்பெனியே நடத்துறதா?

தொடங்கியது கம்பெனி இல்லை, ஆர்வலர்கள். 1995ல் ஜேம்ஸ் ஜெசிமன் என்பவர் பாகங்களைக் கணினியில் வரைய எல்டிரா என்ற முறையை உருவாக்கினார். 1997ல் அவர் இறந்த பிறகு, அந்தப் பாக நூலகத்தை மற்றவர்கள் தொடர்ந்து வளர்த்து வருகிறார்கள். 2000ல் டான் ஜெசெக் தொடங்கிய பிரிக்லிங்க், பழைய பாகங்களை விற்க வாங்க வந்த சந்தை. விற்க வேண்டுமென்றால் பொருளுக்குப் பெயர் வேண்டுமே, அதனால் அதற்குள் பெரிய பட்டியல் ஒன்று வளர்ந்தது. 2019ல் அதை லெகோ நிறுவனமே வாங்கிக்கொண்டது.

எதை எங்கே தேடுவது என்றால்: ஒரு பாகத்தை வார்த்த அச்சு பழையதா புதியதா என்ற நுணுக்கத்துக்கு பிரிக்லிங்க். 'கையில் இருக்கும் பாகங்களை வைத்து வேறு என்ன கட்டலாம்' என்பதற்கு ரீபிரிக்கபிள் என்ற தளம். எந்த ஆண்டு எந்த செட் வந்தது என்பதற்கு பிரிக்செட் என்ற தளம். மாடலைக் கோப்பாக வைக்க எல்டிரா.

பாக எண் எங்க இருக்கு? கண்ணுக்கே தெரியலையே.

பாகத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். 2x4 கட்டையில் (மேலே இரண்டு வரிசையில் நான்கு நான்கு குமிழ் துருத்தும் கட்டை) உள்ளே இருக்கும் குழாய்களுக்கு அருகிலோ, குமிழ்களுக்கு நேர் பின்புறத்திலோ இருக்கும். எழுத்து மிகச் சிறியது. நேராக வெளிச்சம் அடித்தால் தெரியாது. செல்போன் டார்ச்சை பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் நிழல் விழும், அப்போது படிக்கலாம். கறுப்புப் பாகத்தில் அதுவும் போதாது. சுண்ணாம்புக்கட்டித் தூளை விரலில் தொட்டுத் தடவித் துடைத்தால் எழுத்து வெள்ளையாக நிற்கும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் கிடைத்தால் வேலை இன்னும் சுலபம்.

சில எண்கள் போகப் போக மனப்பாடமாகிவிடும்: 2x4 கட்டை 3001, 2x2 கட்டை 3003, 1x2 கட்டை 3004, 1x1 கட்டை 3005, 1x2 பிளேட் (கட்டையைவிட மெல்லிய தட்டு) 3023, 2x4 பிளேட் 3020.

எண்ணைப் போட்டா வேற ஏதோ வருது. இல்லன்னா ஒண்ணுமே வரல.

மூன்று காரணம் இருக்கலாம். முதலாவது, நீங்கள் படித்தது பாக எண்ணே இல்லை. நடுவில் கோடு போட்ட சின்ன எண் ஒன்று இருக்கும். அது அச்சில் எந்தக் குழியில் வார்க்கப்பட்டது என்பதற்கான தொழிற்சாலைக் குறி. தேடலுக்கு உதவாது.

இரண்டாவது, அச்சு மாறியிருக்கலாம். 1x2 பிளேட் பட்டியலில் 3023 என்று இருக்கும், ஆனால் கையில் உள்ள புதிய பாகத்தில் 28653 என்று பொறித்திருக்கும். 2x2 பிளேட்டும் அப்படித்தான், 3022க்குப் பதில் 94148. பட்டியல்களில் இவை மாற்று எண்களாகப் பதிவாகியிருக்கும். 'பாக எண்' என்ற கட்டத்தில் மட்டும் தேடாமல் பொதுத் தேடலில் போட்டால் சரியான பக்கத்துக்குப் போய்விடும்.

மூன்றாவது, அது லெகோவே இல்லை. அடுத்த பதிலைப் பாருங்கள்.

ஆடித் திருவிழா பொருட்காட்சியில வாங்கின கட்டையும் கலந்திருக்கு. எப்படிப் பிரிக்கிறது?

ஒவ்வொரு குமிழின் தலையிலும் லெகோ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். வெறும் குமிழாக இருந்தால் வேறு தயாரிப்பு. தட்டையான டைல், சக்கரம் போன்ற குமிழ் இல்லாத பாகங்களில் அடிப்பக்கத்தில் பெயர் இருக்கும். பெயர் இல்லாததை எல்லாம் தூக்கி எறியச் சொல்லவில்லை, தனி டப்பாவில் போடுங்கள் என்றுதான் சொல்கிறோம். கலந்து எண்ணினால் செட்டின் கணக்கு ஒருபோதும் ஒத்துவராது.

எண்ணே இல்லாத பாகத்தை எப்படித் தேடுறது?

அளந்து தேடலாம். ஒரு குமிழில் இருந்து அடுத்த குமிழுக்கு 8 மி.மீ. கட்டையின் உயரம் குமிழைச் சேர்க்காமல் 9.6 மி.மீ., பிளேட் 3.2 மி.மீ. அதாவது மூன்று பிளேட் அடுக்கினால் ஒரு கட்டை உயரம். குமிழின் விட்டம் 4.8 மி.மீ. அளவுகோலை வைத்தால் 2x4 கட்டை 32க்குப் பதில் 31.8 மி.மீ. காட்டும். பக்கத்துக் கட்டையோடு உரசாமல் இருக்க ஒவ்வொரு பக்கமும் 0.1 மி.மீ. விட்டிருப்பதால் அப்படி.

பெயரில் சின்ன எண்தான் முதலில் வரும். 4x2 என்று தேடினால் கிடைக்காது, 2x4 என்று தேட வேண்டும். குமிழ்களின் இடைவெளி 16 மி.மீ. இருந்தால் அது குழந்தைகளுக்கான டூப்ளோ. எல்லா அளவும் இரட்டிப்பு, பட்டியலிலும் தனிப் பிரிவு.

ரெண்டும் லைட் கிரேதான். பக்கத்துல வெச்சா ஏன் வேற மாதிரி இருக்கு?

வேறுதான். 2004ஐ ஒட்டி லெகோ தன் சாம்பல் நிறங்களை மாற்றியது. பழைய வெளிர்சாம்பலில் கொஞ்சம் மஞ்சள் சாயல் இருக்கும், புதியதில் நீலச் சாயல். அடர்சாம்பலும் பழுப்பும் அதே சமயத்தில் மாறின. வெயிலில் மஞ்சளேறிய புதிய சாம்பல் பழைய சாம்பலைப் போலவே தெரியும் என்பதுதான் இதில் பெரிய தலைவலி. அப்படிச் சந்தேகம் வந்தால் பாகத்தின் வெளிப்பக்கத்தைப் பார்க்காதீர்கள். வெயில் படாத உட்புறத்தைப் பாருங்கள்.

சரியாகத் தெரிந்த பாகம் ஒவ்வொரு நிறத்திலும் ஒன்று எடுத்து, ஒரு நீள பிளேட்டில் வரிசையாகக் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். டியூப்லைட் ஒளியில் ஒப்பிட வேண்டாம். காலை பத்து மணிக்கு, நேர்வெயில் படாத ஜன்னலோரம் போதும். ஏற்காட்டில் பனிமூட்டமான நாளில் எல்லா நிறமும் நீலமாகத்தான் தெரியும், வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

சிவப்புக்கு ஒரு இடத்துல 4, ஒரு இடத்துல 5, இன்னொரு இடத்துல 21னு இருக்கு. எது சரி?

மூன்றும் சரி. லெகோ நிறுவனத்தின் கணக்கில் சிவப்பு 21, பிரிக்லிங்கில் 5, எல்டிராவிலும் ரீபிரிக்கபிளிலும் 4. புதிய வெளிர்சாம்பல் பிரிக்லிங்கில் 86, எல்டிராவில் 71. பழையது முறையே 9, 7. கறுப்பு பிரிக்லிங்கில் 11, எல்டிராவில் 0.

வெறும் எண்ணை மட்டும் நோட்டில் எழுதி வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். '3001, நிறம் 1' என்பது பிரிக்லிங்கில் வெள்ளை, எல்டிராவில் நீலம், லெகோ கணக்கில் மறுபடி வெள்ளை. ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே புரியாது. அதனால் எண்ணோடு எந்தப் பட்டியலின் எண் என்பதையும் எழுதுங்கள். பட்டியல்களைக் கலக்காதீர்கள். பதிவில் வரும் பிழைகளில் பெரும்பங்கு இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கிறது.

சில கையேடுகளின் கடைசிப் பக்கத்தில் 300121 போன்ற நீள எண் வரும். அது வடிவமும் நிறமும் சேர்ந்தது: 3001 வடிவம், 21 சிவப்பு. இப்போதைய ஏழு இலக்க எண்களை இப்படி உடைத்துப் படிக்க முடியாது, பட்டியலில் தேடித்தான் ஆக வேண்டும்.

டின்ல இருக்கிறது எந்த செட்டுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் 3001ல் தொடங்கினால் விடியாது, நூற்றுக்கணக்கான செட்களில் அது இருக்கும். குவியலில் இருந்து வித்தியாசமானதைப் பொறுக்குங்கள்: படம் அச்சிட்ட டைல், மனிதப் பொம்மையின் உடம்பு, அபூர்வ நிறத்தில் உள்ள பெரிய பாகம். ஒவ்வொரு பாகத்தின் பக்கத்திலும் அது வந்த செட்களின் வரிசை இருக்கும். மூன்று பாகங்களின் வரிசைகளை ஒப்பிட்டு, மூன்றிலும் வருவது எது என்று பாருங்கள். அச்சிட்ட உடம்பு ஒன்று கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய பாகத்தை அச்சு என்று நினைத்துத் தேடி ஏமாறாதீர்கள், ஓரத்தை நகத்தால் தடவினால் ஸ்டிக்கர் தட்டுப்படும்.

கையேட்டின் கிழிந்த அட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் பின்னட்டை மூலையில் உள்ள ஆறு, ஏழு இலக்க எண் அந்தப் புத்தகத்தின் எண். செட் எண் முன்னட்டையில் பெரிதாக இருக்கும்.

செட் எண்ணுக்குப் பின்னால -1னு ஏன் வருது?

ஒரே எண்ணை லெகோ வேறு வேறு ஆண்டுகளில் வேறு செட்டுக்கும் கொடுத்திருக்கிறது. குழப்பம் வராமல் இருக்க ஆர்வலர்கள் சேர்த்த வால் அது. பெரும்பாலும் -1தான். சிலவற்றுக்கு -2 வரும், 1978ல் வந்த புகழ்பெற்ற மஞ்சள் கோட்டை 375-2.

பாக எண்ணோட ஏ, பினு எழுத்து ஒட்டியிருக்கே?

அச்சு வேறுபாடு. 1x1 டைல் 3070. அடியில் சுற்றிலும் மெல்லிய பள்ளம் இல்லாத பழையது 'ஏ', பள்ளம் உள்ளது 'பி'. அந்தப் பள்ளத்தில் நகத்தை விட்டுத்தான் டைலைக் கழற்றுகிறோம். கட்டுவதற்கு இரண்டும் ஒன்றே. பழைய செட்டை அப்படியே மீட்டெடுப்பவர்கள் மட்டும் இதைப் பார்த்தால் போதும்.

ஆயிரக்கணக்கான பீஸை எண்ணி மாளலை. வழி உண்டா?

நிறுங்கள். கொலுசுப் பட்டறையில் வைத்திருக்கும் 0.01 கிராம் வரை காட்டும் தராசு இதற்கென்றே செய்தது போல இருக்கும். ஒரே பாகத்தில் பத்தை எண்ணி நிறுத்து, பத்தால் வகுத்து, பிறகு மொத்தக் குவியலை நிறுங்கள். 2x4 கட்டை ஒன்று சுமார் 2.3 கிராம், அதாவது கிலோவுக்கு ஏறக்குறைய 430. பழைய அச்சும் புதிய அச்சும் எடையில் கொஞ்சம் வேறுபடும். அதனால் எண்ணும் பத்தைக் குவியலின் பல இடங்களில் இருந்து எடுங்கள். ஈரம் காயாத பாகத்தை நிறுத்தால் கணக்கு எகிறும்.

மஞ்சளாப் போன வெள்ளைக் கட்டையை வெள்ளையாக்கலாமா?

முதலில் கழுவுங்கள், பாதிப் பேருக்கு அது அழுக்குதான். 40 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் சில துளி. வாஷிங் மெஷின், வெந்நீர் வேண்டாம்.

கழுவியும் மஞ்சள் நின்றால் அது பிளாஸ்டிக்கிலேயே ஏறியது. மருந்துக் கடையில் 20 வால்யூம் என்று விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறக்குறைய 6 சதவீதம். கண்ணாடிப் பாத்திரத்தில் பாகங்கள் மூழ்க ஊற்றி வெயிலில் வையுங்கள். வெளுக்க வைப்பது திரவமும் வெயிலும் சேர்ந்துதான். பாகங்கள் குமிழி பிடித்து மிதக்கும். மிதந்த பக்கத்தில் கோடு விழுந்துவிடும், அதனால் மேலே ஒரு கண்ணாடித் தட்டை வைத்து அமுக்கி, மணிக்கொருமுறை கிளறுங்கள். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு சேரும். கையுறை கட்டாயம். சேலத்து ஏப்ரல் மதியத்தில் திரவமே கொதிப்பது போலச் சுடும். காலை எட்டில் இருந்து பதினொன்று வரை வைத்து எடுத்து, மறுநாள் தொடருங்கள். அச்சிட்டவை, ஸ்டிக்கர் ஒட்டியவை, அடர்நிறங்கள் இதில் இறங்கவே கூடாது. வெளுத்தது சில ஆண்டில் மறுபடி மஞ்சளேறலாம். அதனால் பதிவில் 'வெளுக்கப்பட்டது' என்று எழுதுங்கள், விற்கும்போது மறைக்காதீர்கள்.

ஏற்காட்டு வீட்ல கையேடு எல்லாம் பூஞ்சை பிடிக்குது.

பிளாஸ்டிக்கை ஈரம் ஒன்றும் செய்யாது, காகிதமும் ஸ்டிக்கரும்தான் போகும். ஐப்பசி, கார்த்திகைக்கு முன்பே கையேடுகளை ஸ்கேன் செய்துவிடுங்கள். ஸ்டேபிள் பின்னைக் கழற்றுங்கள், துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்பது அதுதான். காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம்.

சொந்தமா கட்டின மாடலை எப்படிப் பதிவு பண்றது?

ஒரு எடுத்துக்காட்டோடு சொல்வது நல்லது. அணை 120 அடியைத் தொட்டதும் டிவியில் காட்டுவார்களே, மேட்டூரின் 16 கண் மதகு. அதைச் சிறிதாகக் கட்டுவோம். ஒரு கண்ணுக்கு 1x4 வளைவு ஒன்று, எண் 3659. பதினாறு வளைவு வரிசையாக வைத்தால் 64 குமிழ், 512 மி.மீ. 48x48 அடித்தட்டு 384 மி.மீ.தான், போதாது. 32x32 அடித்தட்டு (3811) இரண்டு சரியாக இருக்கும்.

வளைவுகள் மூன்று கட்டை உயரத் தூண்களில் நிற்கட்டும். பக்கத்துப் பக்கத்து வளைவுகளின் கால்கள் சேரும் இடம் இரண்டு குமிழ் அகலம். அங்கே 1x2 கட்டை: 15 தூண், 45 கட்டை. இரண்டு கோடியிலும் 1x1 கட்டை, மொத்தம் 6. நடுத்தூண் இரண்டு அடித்தட்டுகளின் மேலும் உட்காரும் என்பதால் அதுவே அவற்றைப் பிணைத்துவிடும்.

மேலே பிளேட் அடுக்கும் இடத்தில்தான் தவறு நடக்கும். 1x8 பிளேட்டுகளை முதல் குமிழில் இருந்தே அடுக்கினால், ஒவ்வொரு இரண்டாவது வளைவு இணைப்பும் பிளேட் இணைப்பின் நேர் கீழே விழும், அங்கே பிடிப்பு விட்டுப்போகும். ஒரு 1x4 போட்டுத் தொடங்கினாலும் அதே கதை, விட்டுப்போகும் இடம் மட்டும் மாறும். ஒரு 1x2, பிறகு ஏழு 1x8 (3460), கடைசியில் ஒரு 1x6 (3666): 2 + 56 + 6 = 64. இப்படி வைத்தால் எல்லா இணைப்பின் மேலும் பிளேட் தாண்டிப் போகும்.

பதிவில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: பாக எண், நிற எண், எந்தப் பட்டியல், எண்ணிக்கை. கூடவே, மேலே சொன்ன 2-56-6 போன்ற வரிசையும். பாகப் பட்டியல் மட்டும் இருந்தால் கட்டுகிறவர் அதே தவறை மறுபடி செய்வார்.

எல்டிரா கோப்பில் கையால எழுதினேன், அணை தலைகீழா நிக்குது.

எல்டிராவில் கீழ்நோக்கிப் போனால்தான் ஒய் மதிப்பு கூடும். மேலே அடுக்க மைனஸ் போட வேண்டும். ஓர் அலகு 0.4 மி.மீ. குமிழுக்குக் குமிழ் 20 அலகு, கட்டை உயரம் 24, பிளேட் 8. ஒரு கட்டைக்கு மேல் இன்னொன்று என்றால் ஒய் மதிப்பு -24.

மதகின் வளைவுகள் ஒவ்வொன்றும் 80 அலகு தள்ளி வரும். முதல் வளைவின் வரி 1 71 0 0 0 1 0 0 0 1 0 0 0 1, அதன் பின் 3659 பாகத்தின் கோப்புப் பெயர். முதல் எண் 'இது ஒரு பாகம்' என்கிறது, 71 நிறம், அடுத்த மூன்று இடம், கடைசி ஒன்பது திருப்பம். இரண்டாவது வளைவுக்கு முதல் இட எண் 80, பதினாறாவதுக்கு 1200. 1280 என்று எழுதினால் ஒரு கண் இடைவெளி விட்டு நிற்கும், எண்ணத் தொடங்குவது சுழியத்தில் என்பதை மறந்ததன் பலன்.

ஸ்டுடியோ மென்பொருள்ல சேவ் பண்ணிட்டேன். அது போதாதா?

போதாது. மென்பொருள்கள் போய்விடும். லெகோ நிறுவனமே கொடுத்த டிஜிட்டல் டிசைனர் இப்போது கைவிடப்பட்டுவிட்டது. பிரிக்லிங்க் தரும் மாடல் வரைவு மென்பொருளான ஸ்டுடியோவின் சொந்தக் கோப்போடு எல்டிரா வடிவிலும் ஏற்றுமதி செய்து வையுங்கள். அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்தாலும் படிக்கலாம். பாகப் பட்டியலை அட்டவணையாகவும், நான்கு பக்கமும் மேலிருந்தும் எடுத்த படங்களையும் சேர்த்து, இரண்டு இடங்களில் வையுங்கள்.

கொலுவுக்கு வெச்ச மாடலை விஜயதசமிக்கு அப்புறம் பிரிக்கணும். கோப்பு எதுவும் இல்லை.

பிரிப்பதையே படமெடுங்கள். போனை ஒரே இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு அடுக்கு கழன்றதும் ஒரு படம். பிறகு படங்களைக் கடைசியில் இருந்து முன்னுக்குப் பார்த்தால் கட்டும் முறை. உள்ளே மறைந்த பாகங்களின் நிறத்தைப் பலரும் எழுதுவதில்லை. வெளியே தெரியாததற்கு எந்த நிறமும் சரி என்றால் அப்படியே குறிப்பிடுங்கள், அடுத்தவர் அபூர்வ நிறத்தைத் தேடி அலைய மாட்டார்.

ஸ்கேன் பண்ணின கையேட்டை எல்லாருக்கும் பகிரலாமா?

கையேட்டின் பதிப்புரிமை லெகோ நிறுவனத்துடையது. உங்கள் வீட்டுப் பிரதிக்காக ஸ்கேன் செய்வதோடு நிறுத்துங்கள். 1996க்குப் பிந்தைய பெரும்பாலான கையேடுகளை நிறுவனமே இலவசமாகக் கொடுக்கிறது, அந்த இணைப்பைக் கொடுத்தால் போதும். உங்கள் சொந்த மாடலின் வழிமுறை உங்களுடையது. வேறொருவரின் மாடலை மாற்றிக் கட்டியிருந்தால் மூல மாடல் யாருடையது என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கம்ப்யூட்டர்ல நிக்கிறது, கையில கட்டினா விழுது. ஏன்?

திரையில் புவியீர்ப்பு இல்லை. மேலே சொன்ன மதகு ஒரு குமிழ் ஆழம்தான், கை பட்டால் சாயும். ஆழத்தை இரண்டாக்குங்கள்: வளைவு 32, உள்தூண்களுக்கு 1x2க்குப் பதில் 2x2 கட்டை 45, கோடித் தூண்களுக்கு 1x2 கட்டையைக் குறுக்கே திருப்பி 6, மேலே 2x2 பிளேட் ஒன்று, 2x8 (3034) ஏழு, 2x6 (3795) ஒன்று. அதே 2-56-6 வரிசை, இப்போது முன்வரிசையும் பின்வரிசையும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும்.

பக்கவாட்டில் குமிழ் வைத்துக் கட்டுபவர்களுக்கு வேறு சிக்கல் வரும். ஐந்து பிளேட் உயரம் 16 மி.மீ., இரண்டு குமிழ் அகலமும் 16 மி.மீ. இந்த 5:2 கணக்கில் அடங்காத இடத்தில் திரை பாகங்களை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துக் காட்டும், கையில் நுழையாது. இன்னொன்று, திரையில் எந்தப் பாகத்துக்கும் எந்த நிறமும் பூசலாம். அந்த நிறத்தில் அந்தப் பாகம் ஒருபோதும் வராமலே இருந்திருக்கலாம். கட்டத் தொடங்கும் முன் பட்டியலில் ஒவ்வொரு பாகத்தின் நிற வரிசையையும் பாருங்கள். வெளிநாட்டில் இருந்து வரவழைப்பதாக இருந்தால் பழைய சாம்பலா புதிய சாம்பலா என்பதை இரண்டு முறை பாருங்கள். சுங்கவரி கட்டி வாங்கிய பிறகு நிறம் பொருந்தவில்லை என்றால் திருப்பி அனுப்பும் செலவு பாகத்தின் விலையைத் தாண்டிவிடும்.